சுத்தமாக வந்த பதினொரு பேர்

சிவமயம்

சுன்னாகம்,
9.10.1984, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி பரமலிங்கத்துக்கு,

இந்தக் கையெழுத்தும் உறையின் பின்பக்கத்தில் உள்ள பெயரும் உமக்குப் பழக்கமில்லாதவை. நான் ஞானாம்பிகை. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன், ஊருக்கெல்லாம் மிஸி. மேகநோய்களுக்கு மருந்து கொடுக்கும் கிளினிக் அது. நீர் வெட்கப்பட்டுக்கொண்டு வாசிக்கவேண்டாம், எனக்கு இந்த வேலையில் வெட்கம் விட்டு முப்பது வருஷமாகிறது. உமது அக்கா அருந்ததிக்காகவே எழுதுகிறேன். அவள் உயிரோடு இருக்கிறாள், நடமாடுகிறாள், சோறு சமைக்கிறாள். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மிச்சத்தை நீர் நிதானமாக வாசிப்பீர்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும் என்று சொன்னாள். சின்ன வயதில் உமக்குத் தடிமன் பிடித்தால் நெஞ்சில் இறங்கிவிடுமாம், கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகவேண்டாம் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். என்னைக் கேட்டால், மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாத தம்பிக்கு முதல் பந்தியிலேயே தடிமனைப் பற்றி எழுதுவதாக இல்லை. நான் கொஞ்சம் கோபக்காரி. உம்மோடும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

நீர் கடைசியாக எழுதிய கடிதத்தை நான் வாசித்திருக்கிறேன். முகவரிக்காக அதைக் கொண்டுவந்து தந்தாள். நாலே வரி. அவள் செய்கிற தொழிலை ஊரிலிருந்து வந்த ஒருவன் சொல்லித் தெரிந்துகொண்டதாகவும், இனி உமக்கு அக்கா இல்லை என்றும் எழுதியிருந்தீர். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் பசைத்தாள் ஒட்டி வைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட கடிதத்துக்கும் பசைத்தாள் ஒட்டுகிற ஒருத்தியை நான் அதுவரை கண்டதில்லை.

உமக்கு எழுதப்போகிறேன் என்றதும் ஒரு நிபந்தனை போட்டாள். “எழுதுறதெண்டால் ஒண்டையும் மறைக்காமல் எழுதுங்கோ மிஸி. பாதி தெரிஞ்சபடியால்தான் அவன் கோவிச்சுக்கொண்டு இருக்கிறான்” என்றாள். பிறகு யோசித்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுதவேண்டாம் என்றாள். அதை நான் எழுதமாட்டேன். அவள் எந்த வருஷம் சுருட்டுச் சுற்றுகிற கொட்டில் வேலையை விட்டாள், நீர் எந்த வருஷம் விமானம் ஏறினீர் என்பதை நீரே யோசித்துப் பாரும். மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன். இப்போது தபாலை இடையில் திறந்து பார்க்கிறார்களாம். பார்க்கிறவரும் வாசிக்கட்டும், அவர் வீட்டுப் பெண்களுக்கு உதவும்.

பட்டினத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை இருக்கிறது. அதற்குள் ஒரு வீட்டில் அருந்ததியோடு இன்னும் சில பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவள் லூர்த்தம்மா, குருநகர்க்காரி. போன வருஷக் கடைசியில் அவளுக்கு இரத்தம் படத் தொடங்கியது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இரத்தம் படுவது நல்லதல்ல என்று தெரிந்தும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டை விட்டுப் போகவேண்டிவரும் என்ற பயம். வாடை வந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. கர்ப்பப்பையின் வாயில் புற்றுநோய், முற்றிவிட்டது. இந்த மாசியில் அந்த வீட்டின் பின்னறையிலேயே செத்துப்போனாள்.

மற்றவர்கள் அந்த அறைப் பக்கம் போகப் பயந்தார்கள். ஒட்டும் என்றார்கள், பாவத்தின் சம்பளம் என்றார்கள். உமது அக்கா பாயை எடுத்துக்கொண்டு அந்த அறைக்கே போய்விட்டாள். துணி தோய்த்தவள், கஞ்சி பருக்கியவள், முதுகுப்புண்ணுக்கு மருந்து போட்டவள் எல்லாம் அவள்தான். சாகும் நேரத்து அவஸ்தை எண்ணெய் பூசாமல் சாகமாட்டேன் என்று லூர்த்தம்மா அழுதபோது, நெற்றியில் திருநீற்றோடு கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய் சுவாமியாரை அந்த ஒழுங்கைக்குள் கூட்டிவந்தவளும் அவள்தான். பட்டப்பகலில், எல்லாரும் பார்த்திருக்க. சுவாமியார் மறு பேச்சில்லாமல் வந்ததையும் சொல்லவேண்டும்.

லூர்த்தம்மாவை ஒருமுறை வார்ட்டுக்குக் கொண்டுபோனபோது அங்கே ஒரு டொக்டர், நாலு வருஷத்துக்கு முந்திப் பார்த்திருந்தால் தப்பவைத்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். துக்கத்தில் இருப்பவர்கள் இப்படி ஒரு சொல்லைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அழுவதற்கு உறவில்லாத ஒருத்தியை அடக்கம் செய்துவிட்டு, வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் கிளினிக் வாசலில் வந்து நின்றாள். “நாலு வருஷத்துக்கு முந்திப் பாக்கிற பார்வை எண்டு ஒண்டு இருக்காம் மிஸி. எங்களுக்கு அதைப் பாருங்கோ” என்றாள்.

அப்போது நான் நடந்துகொண்ட விதத்தை எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்க் கடிதம். நான் தலையை நிமிர்த்தவில்லை. முப்பது வருஷம் அந்தப் பெண்களுக்கு ஊசி போட்டிருக்கிறேன், ஒருத்தியின் முகமும் எனக்கு ஞாபகமில்லை. ஊசி போட்டதும் கையை இரண்டுதரம் கழுவுவேன். அன்று டொக்டரிடம் கேட்டு அவர் சம்மதித்த பிறகு, வருகிற செவ்வாய் எல்லாரையும் கூட்டிவா என்றேன். அவள் திரும்பிப் போகும்போது பின்னால் கூப்பிட்டு, “சுத்தமாக வரச்சொல்லு” என்றேன். அந்தச் சொல்லை எப்படிச் சொல்லியிருப்பேன் என்று உமக்குத் தெரியும். நீரும் நாலு வரியில் அதைத்தானே எழுதினீர்.

அந்தச் செவ்வாய் பதினொரு பேர் வந்தார்கள். தலைக்கு முழுகி, தோய்த்துலர்ந்த சேலை உடுத்து, வாங்குப் பலகையில் வரிசையாக இருந்தார்கள். என் சொல்லுக்கு மரியாதை இருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி. பரிசோதனை பெரிய வேலையில்லை. ஒரு தட்டையான மரக்குச்சியால் கர்ப்பப்பை வாயைச் சுற்றி மெதுவாக வழித்து, கண்ணாடித் தகட்டில் பூசி, ஸ்பிரிட்டில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். அங்கே நுணுக்குக்காட்டியில் கலங்களை, அதாவது செல்களைப் பார்ப்பார்கள். கெடத் தொடங்கிய கலம், நோயாக மாற வருஷக்கணக்கு எடுக்கும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் ஆள் பிழைக்கும். அவள் கேட்ட பார்வை அதுதான்.

மூன்று கிழமையில் மறுமொழி வந்தது. ஒன்பது தகடுகளில் கலம் போதாது, பார்க்க முடியவில்லை. குச்சியைச் சரியாக அழுத்தினீர்களா மிஸி என்று டொக்டர் மெதுவாகக் கேட்டார். நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. ஆடியில் திரும்பவும் பதினொரு பேரையும் வரவழைத்தேன். அருந்ததி ஒருவரையும் விடாமல் கூட்டிவந்தாள். திரும்பவும் அதே மறுமொழி, இம்முறை பத்துத் தகடு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆய்வுகூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை அனுப்பாதது என் பாக்கியம்.

மறுமொழி கேட்க அருந்ததி வந்தாள். அவள் கிட்ட வந்தபோது டெற்றோல் மணந்தது. அன்று பரிசோதனை நாள்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரிசோதனைக்கு வரமுன் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னாள். விடிய நாலு மணிக்கு எழும்பி, பெரிய பானையில் படிகாரம் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, துணியால் வடித்து, அதில் டெற்றோலும் விட்டு, பதினொரு பேரையும் உள்ளே நன்றாகக் கழுவவைத்தாளாம். புதிதாக வந்த ஒரு பிள்ளைக்குக் கழுவத் தெரியவில்லையாம், பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தாளாம். “மிஸி சுத்தம் எண்டு சொன்னவ. உங்கடை முகம் கோணக்கூடாது எண்டு நான்தான் எல்லாரையும் செய்விச்சனான்” என்றாள்.

வழித்தெடுக்கவேண்டிய கலங்களையெல்லாம் அவர்கள் வருமுன்னே கழுவி ஊற்றிவிட்டார்கள். நான் சொன்ன ஒரு சொல்லுக்காக. இரண்டு மாதம் வீணாகியது என்னால். கதிரையை இழுத்து அவளை முன்னால் இருக்கச் சொன்னேன். அந்தக் கிளினிக்கில் அவர்களில் ஒருத்தி கதிரையில் இருந்தது அதுதான் முதல் தரம்.

ஒவ்வொரு ஆணும் போன பிறகு அப்படித்தான் கழுவுவார்களாம். நோய் வராமல் இருக்க. அது ஒன்றையும் தடுக்காது, உள்தோலைப் புண்ணாக்கி இன்னும் இடம்கொடுக்கும் என்று விளங்கப்படுத்தினேன். எங்கள் டொக்டர் ஒரு சஞ்சிகையில் வாசித்ததையும் சொன்னேன். உமக்கும் சொல்கிறேன், ஏனென்றால் அது நீர் இருக்கும் ஜேர்மனியில் நடந்த ஆராய்ச்சி. இந்தப் புற்றுநோயின் கலங்களுக்குள் ஒரு வைரஸ் இருப்பதைக் கண்டிருக்கிறார்களாம். கையில் மரு வருகிறதே, அந்த மருவை உண்டாக்கும் வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்னும் முடிந்த முடிவு இல்லையாம். ஆனால் அது உடலுறவால் ஆளுக்காள் போவது, ஆணுக்கு ஒரு குறியும் காட்டாமல் இருப்பது என்கிறார்கள். ஊத்தையாலும் வருவதில்லை, பாவத்தாலும் வருவதில்லை. இதை லூர்த்தம்மா கேட்டுவிட்டுச் செத்திருக்கலாம் என்றாள் அருந்ததி.

இனித்தான் கஷ்டமான பகுதி. சரியாகப் பார்ப்பதென்றால் இரண்டு நாள் உள்ளே கழுவக்கூடாது, இரண்டு நாள் ஆணும் கூடாது. இரண்டாவதைவிட முதலாவதுதான் அவர்களுக்குப் பெரிய பாடாக இருந்தது. டொக்டருக்கும் மிஸிக்கும் முன்னால் கழுவாமல் வந்து படுப்பதைவிடச் சாகலாம் என்று ஒருத்தி அழுதாளாம். யாரும் தொடலாம் என்று உலகம் நினைக்கிற உடம்பில், தங்களுடையது என்று அவர்கள் காப்பாற்றி வைத்திருந்தது அந்தச் சுத்தம் ஒன்றைத்தான். அதை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கிறேன்.

நாளைக் கண்டுபிடித்தவள் அருந்ததி. நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து நாளும் பட்டினத்தில் மச்சமாமிசம் தொடாத பெரிய மனிதர்கள், கடைசி நாள்களில் மற்றதையும் தொடமாட்டார்களாம். தேர், தீர்த்தம், பூங்காவனம் மூன்று நாளும் ஒழுங்கை வெறிச்சோடிக் கிடக்குமாம். இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பூங்காவனம் முடிந்த செவ்வாய்க்கு நாள் குறித்தோம். அந்த இரண்டு நாளும் படிகாரக் கட்டியையும் டெற்றோல் போத்தலையும் தன் பெட்டியில் பூட்டி, திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்தாளாம்.

பதினொரு பேரும் வந்தார்கள். குனிந்த தலை நிமிரவில்லை. முதலில் மேசையில் ஏறினவள் உமது அக்கா. “இண்டைக்கு ஊத்தையாத்தான் வந்திருக்கிறன் மிஸி, மூக்கைப் பொத்தாதேங்கோ” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். வாங்கில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதோடு அறை இளகியது. தன்னுடையது முடிந்ததும் போகாமல், மற்றப் பத்துப் பேருக்கும் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பயிற்சி எடுத்த காலத்தில் வெள்ளைக்காரத் தலைமைத் தாதிகளைப் பார்த்திருக்கிறேன். நோயாளியின் வெட்கத்தை இப்படி ஒரே சொல்லால் இறக்கிவைக்கத் தெரிந்த ஒருவரை அவர்களில் நான் காணவில்லை.

மறுமொழி புரட்டாதியில் வந்தது. பதினொரு தகடும் நன்றாகத் தெரிந்தன. ஒன்பது பேருக்கு ஒன்றுமில்லை. ஒரு பிள்ளைக்கு ஆறு மாதத்தால் திரும்பப் பார்க்கவேண்டும். ஒன்றில் கலம் கெட்டு நோயாகவே மாறியிருந்தது. அது அருந்ததியுடையது.

11.10.1984, வியாழக்கிழமை.

நேற்று ஊரடங்கு. இன்று கடை திறந்திருக்கிறது, பஸ்ஸும் ஓடுகிறது. அருந்ததி இங்கே வந்திருக்கிறாள். மேலே எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். என்னைப் பற்றி நானே குறைவாக எழுதியதை வெட்டச் சொன்னாள், நான் மறுத்துவிட்டேன். படிகாரக் கதையை வாசித்தபோது, “உந்தக் கதையையுமே எழுதினியள்? சரி இருக்கட்டும், அவன் சிரிப்பான்” என்றாள். நீர் சிரிக்கத் தெரிந்த பிள்ளை என்பது எனக்குப் புதிய செய்தி.

மறுமொழியை அவளிடம் சொன்ன நாளைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். கேட்டதும் அவள் முதலில் கேட்டது, மற்றப் பத்துப் பேருக்கும் எப்படி என்பதுதான். சொன்னேன். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். “அப்ப அந்தப் பார்வை சரியா வேலை செய்யுது மிஸி” என்றாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட செய்தி சொன்ன நான் அன்று நோயாளிக்கு முன்னால் அழுதேன். அவள் எழும்பிவந்து என் முதுகைத் தடவினாள். எனக்கு இப்போது எழுதும்போதும் கண் மறைக்கிறது. தம்பி, எனக்கு ஐம்பத்துநாலு வயது. நான் கண்ட மனிதர்களில் இவளுக்கு மேலே வைக்க எனக்கு ஆள் இல்லை.

அன்று போகும்போது இன்னொன்றும் சொன்னாள். “வீட்டுப் பொம்பிளையளுக்கும் இதைப் பாருங்கோ. எங்களிட்டை வாறவை பிறகு வீட்டைதானே போயினம்.” டொக்டர் அதைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டார். இப்போது மாதத்தில் ஒரு நாள் சுன்னாகத்திலும் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம், வெங்காயக்காரரின் மனைவிமார், ஆசிரியைகள் எல்லாரும் வருகிறார்கள். யார் சொல்லித் தொடங்கியது என்று அவர்களுக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு எடுத்துக்கொண்டே இருந்த நானும் என் தகட்டை டொக்டரிடம் கொடுத்தேன், ஒன்றுமில்லை. ஒழுங்கை வீட்டில் ஆணுறை போடாத ஆணுக்குக் கதவு திறப்பதில்லை என்று அருந்ததி சட்டம் வைத்திருக்கிறாள். உறை இந்த வைரஸை முழுக்கத் தடுக்குமோ தெரியாது, மற்ற நோய்களைத் தடுக்கும். நீரும் ஆண்பிள்ளை, அதனால் உமக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நாளைக்குக் கல்யாணம் முடித்தால் மனைவியையும் இந்தப் பரிசோதனைக்கு அனுப்பும்.

அருந்ததியின் நோய் ஆரம்பத்தில்தான் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வழி உண்டு என்கிறார் சத்திரசிகிச்சை டொக்டர். ஆனால் மயக்கம் கொடுத்துச் செய்கிற பெரிய ஒப்பரேஷன். இரத்தம் குறைந்த உடம்பு வேறு. உறுதி சொல்ல நான் கடவுள் இல்லை. நவம்பர் 15, வியாழக்கிழமை, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில். ஒப்பரேஷனுக்குப் பிறகு பழைய தொழில் இல்லை. என் வீட்டு வளவில் ஒரு அறை இருக்கிறது, வந்து இரு என்று சொல்லியிருக்கிறேன். அயல் சனம் கதைக்கும். கதைக்கட்டும், எனக்கும் வாய் இருக்கிறது.

பதிவுக்காக இருவரும் போன கிழமை பஸ்ஸில் தெல்லிப்பழைக்குப் போனோம். பத்திரத்தில் நெருங்கிய உறவினர் யார் என்று ஒரு இடம் இருக்கிறது. என் பெயரைக் கொடுப்பாள் என்று நினைத்து நான் பேனையைத் திறந்தேன். அவள் உமது பெயரைச் சொன்னாள். பிறகு உமது முகவரியையும் சொன்னாள், தெருவின் பெயர், வீட்டு இலக்கம், நகரத்தின் இலக்கம் எல்லாம். எனக்கு வாயில் நுழையாத அந்தத் தெருப் பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல், தேவாரம் மாதிரிப் பாடமாக வைத்திருக்கிறாள். நாட்டுக்குள் கிட்டடியில் ஒருவரும் இல்லையா அம்மா என்று பதிவு செய்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். “இவன்தான் கிட்ட. கொஞ்சம் தூரத்திலை இருக்கிறான், அவ்வளவுதான்” என்றாள்.

ஆகவே தம்பி, அந்த வியாழக்கிழமை ஏதாவது பிழையாகிப்போனால் ஆஸ்பத்திரித் தந்தி உமது கதவைத்தான் தட்டும். அதற்கு முன்னால் உமது கடிதம் என் கதவைத் தட்டவேண்டும். இந்தக் கடிதம் வந்துசேர இரண்டு கிழமை, உம்முடையது வர இரண்டு கிழமை. யோசிப்பதற்கு உமக்கு ஒரு கிழமைக்கு மேல் இல்லை. காசு அனுப்பவேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். மன்னிப்பு எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அங்கே என்ன சமைக்கிறீர், வேலை எப்படி, எதையாவது எழுதும். நீளமாக வாசிக்க அவளுக்கு வராது, நான் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்லுவேன். ஆனால் ஒரு சொல் இரண்டு சொல் எழுத்துக்கூட்டி அவளே வாசிப்பாள். கடிதத்தின் முதல் சொல்லை அவள் வாசிக்கிறமாதிரிப் பெரிய எழுத்தில் எழுதும். அது என்ன சொல் என்று ஒரு அந்நியப் பெண் உமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

நீர் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உமது அக்காவின் மிஸி,
ஞானாம்பிகை.